டப்பாவுக்கு உதடு கிடையாது

ஜனவரி 8

உம்மணாமூஞ்சி அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி பாதி குறைந்துவிட்டது. அதைப் பற்றிய பேச்சுதான் குறையவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? மலைக்குள் குளிர் எப்படி? நான் வாங்கிக் கொடுத்த கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா, பெட்டியிலேயே பூட்டி வைத்திருக்கிறாயா? உங்கள் முகாமில் டவர் இல்லை, ஆபீஸ் போனில் பேசினால் பின்னால் நிற்பவர்கள் இருமுகிறார்கள் என்று நீ புலம்பியதால், இதை லாரித் தபாலில் அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. நீ பைத்தியமாகப் பார்த்தாயே அந்த விண்வெளிப் படம், அதன் இரண்டாம் பாகத்துக்குத் தமிழ் வசனம் எழுதப்போவது யார் தெரியுமா? உன் தங்கைதான்! சீனியர் வேறு படத்துக்குப் போய்விட்டார். இதுவரை அவர் எழுதுவார், நான் உதடு பார்ப்பேன். திரையில் ஆளின் உதடு எங்கே மூடுகிறதோ அங்கே தமிழிலும் ப, ம மாதிரி உதடு மூடுகிற எழுத்து வர வேண்டும். இல்லையென்றால் ஆள் ஒன்று பேச, குரல் இன்னொன்று பேசும். இத்தனை நாளாக உதடு எண்ணியவளுக்கு இப்போது வாய் கிடைத்திருக்கிறது.

ஆனால் ஒரு வில்லங்கம். முதல் பாகத்தில் மூச்சு விடாமல் நின்றுகொண்டிருந்த ரோபோ டப்பா, இந்தப் பாகத்தில் வாய் ஓயாமல் ஜோக் அடிக்கிறது. "டப்பாவுக்கு உதடு கிடையாது. அது திரையில நிக்கிற இடத்துலயெல்லாம் நீங்க என்ன வேணா போடலாம். போடுங்க! தியேட்டர் குலுங்கணும்" என்கிறார் எங்கள் மேனேஜர். கடைசிக் கட்டத்தில் விண்கலத்தின் எரிகிற பகுதியை வெட்டிவிட கேப்டன் தனியாக வெளியே போகிறாள். அவள் இடுப்புக் கயிற்றை டப்பா பிடித்திருக்கிறது. "பயமா இருக்கு. ஏதாவது சொல்லேன்" என்கிறாள். டப்பா ஒரு ஜோக் சொல்கிறது. அதைத் தமிழில் சொன்னால் கொட்டாவிதான் வரும். அதற்குப் பதிலாக நான் ஒன்று எழுத வேண்டும். அதைக் கேட்டு கேப்டன் சொல்வது ஒரு சின்ன வரி, முகம் முழுத்திரையில், உதடு இரண்டு தடவை மூடுகிறது. இப்போதைக்கு "பயப்படாதே" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தக் காட்சி சொதப்பினால் நான் மறுபடி உதடு எண்ணத்தான் போக வேண்டும். மேனேஜர் இதை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அந்த இடத்தில் ஜோக் வரலாமா, கூடாதா? முதல் பாகத்தை மனப்பாடமாக ஒப்பிப்பவன் நீதான். சொல்.

உன் பதிலுக்கு வாசல் பார்த்திருக்கும்,
வாலு


ஜனவரி 21

அன்புள்ள வாலுக்கு,

நலமாக இருக்கிறேன். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அம்மாவை மாடி ஏறவிடாதே.

உன் செய்தி எனக்குப் பெரிய சந்தோஷம். மெஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னேன். என் அறையில் இருக்கும் வெல்டர், "அப்போ ஓசி டிக்கெட் உண்டா சார்?" என்று கேட்டான். எதற்கும் இளிக்கிற ஆசாமி அவன். சர்வேயர் வேலையில் ஒரு விரல்கடை தப்பினாலும் இரண்டு பக்கமிருந்து குடைந்துவரும் சுரங்கம் நடுவில் சந்திக்காது. நான் அளந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று கோணலாக இருக்கிறது என்று சும்மா சொல்வான். தினமும் காலையில் அவனோடு ஒரே கூண்டில் கீழே இறங்குவது என் தலையெழுத்து. கூண்டு என்பது லிஃப்ட்தான், ஆனால் சுவர் இல்லாத லிஃப்ட். சுற்றிலும் கம்பி, அதற்கப்பால் பாறை.

கேட்டதற்குப் பதில்: கூடாது. ஒரு ஜோக்குகூடக் கூடாது.

முதல் பாகத்தை அப்பாவோடு நாம் இருவரும் போய்ப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? கேப்டனின் கணவர் இருட்டுக்குள் மிதந்து போகும் காட்சியில் ஒரு சத்தம் இல்லை. தியேட்டரே உறைந்திருந்தது. என் பக்கத்தில் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்த்ததும், "ஏசி காத்து" என்றார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவர் போன பிறகு அந்தப் படத்தை நான் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்று நீ கேலி செய்வாய். இதற்குத்தான். அந்த இடத்தில் ஒரு தகர டப்பா குறுக்கே வந்து பல்லிளித்திருந்தால் அப்பா அழுதிருப்பாரா?

முதல் பாகத்தில் உயிரைக் கொடுத்து எடுக்கிறார்கள். படம் ஓடியதும் அடுத்த பாகத்தில் குழந்தை குட்டியெல்லாம் வர வேண்டும் என்று ஜோக்கைத் தூவிவிடுகிறார்கள். நெஞ்சு அடைக்கும் நேரத்தில் கிச்சுகிச்சு மூட்டினால் நெஞ்சு அடைத்ததே பொய்யாகிவிடும். நீயும் அந்தக் கூட்டத்தில் சேராதே. டப்பாவைப் பேசாமல் நிற்கச் சொல்.

ஆசிகளுடன்,
அண்ணன்


பிப்ரவரி 3

அண்ணா,

இங்கே எல்லோரும் நலம். மாடி ஏறக்கூடாது என்று நீ எழுதியதை வாசித்ததும் அம்மா உடனே மாடிக்குப் போய் துணி எடுத்து வந்தார். அங்கே நீ நலம்தானே?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. அதே காட்சியில் அப்பாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். கேப்டனின் கணவர் மிதந்து போகும்போது அப்பா என் காதில், "இவ்ளோ தூரம் போறான், வழியில ஒரு டீக்கடைகூட இல்ல பாரு" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துப்பட்டாவை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். நீ திரும்பி முறைத்தாய், ஞாபகம் இருக்கிறதா?

உன் பக்கம் கண்ணைத் துடைத்தவரும் என் பக்கம் டீக்கடை தேடியவரும் ஒரே ஆள்தான், ஒரே நிமிஷத்தில். இதில் எந்த அப்பா நிஜம்? உனக்குக் கிடைத்தது மட்டுமா? உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அவர் அழுதது எனக்குத் தெரியவே தெரியாது.

ஆனாலும் நல்ல ஜோக் கிடைக்கவில்லை என்பது உண்மை. இதுவரை எழுதியவை: "கேப்டன், கயிறு தள்ளுபடில வாங்குனது." மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கே பிடிக்காமல் அடித்துவிட்டேன். "கேப்டன், ஜன்னலைச் சாத்திட்டுப் போங்க." இது பரவாயில்லை, ஆனால் யாரோ வெளியே நின்று அடிக்கிற கமெண்ட் மாதிரி இருக்கிறது. மூன்றாவதை எழுதினால் நீ என்னைத் தங்கை என்று சொல்லிக்கொள்ள மாட்டாய்.

மார்ச் கடைசியில் அந்தக் காட்சிக்கு ரெக்கார்டிங். சீக்கிரம் எழுது. திட்டியாவது எழுது.

வாலு


பிப்ரவரி 27

அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீ?

இரண்டு லாரி வந்துவிட்டது, உன் கடிதம் வரவில்லை. ஆபீஸ் போனுக்கு முயற்சி செய்தேன். எடுத்தவர், "அவர் வேலையா இருக்காரும்மா, நல்லா இருக்கார்" என்று படபடவென்று சொல்லி வைத்துவிட்டார். அப்பாவின் டீக்கடையைச் சொன்னதில் கோபமா? உன் ஞாபகத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கிறாயா? அப்படியென்றால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. எனக்கு ஜோக்கும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஒரு வரி எழுது, போதும்.

அம்மா தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தங்கை


மார்ச் 8

அன்புள்ள வாலுக்கு,

நலமாக இருக்கிறேன். கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கேரம் விளையாடும்போது வலது மணிக்கட்டு லேசாகச் சுளுக்கிக்கொண்டது. அதனால் நான் சொல்லச் சொல்ல வெல்டர் எழுதுகிறார். (வணக்கம் மேடம். நான்தான் அது. எதுக்கும் இளிக்கிற ஆசாமி. உங்க முந்தின லெட்டர் எல்லாத்தையும் நான்தான் பிரிச்சுக் குடுத்தேன், ஆனா படிக்கல. பாதிதான் படிச்சேன்.)

தாமதத்துக்குக் காரணம் வேலை நெருக்கடி. உன் மேல் எந்தக் கோபமும் இல்லை. (உலகத்துலயே கேரம் ஆடிக் கட்டுப் போட்ட மொத ஆளு உங்க அண்ணன்தான். காயின் செம கனமா இருந்திருக்கும்.) கண்டதையும் எழுதாதே என்று சொன்னேன். (அதையும் எழுதிட்டேன்.)

அந்தக் காட்சி பற்றி: நான் முன்பு எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜோக் வரலாமா கூடாதா என்று இப்போது எனக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. உனக்கு எது சரி என்று படுகிறதோ அப்படிச் செய். அப்பா டீக்கடை தேடியதைப் பற்றி நிறைய யோசித்தேன். யோசிக்க நேரம் கிடைத்தது. (கெடைக்காதா பின்ன? கூண்டு)

இத்துடன் முடித்துக்கொள்கிறேன். அம்மாவிடம் சுளுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

அண்ணன்
(எழுதியவர் வெல்டர். கையெழுத்து நல்லா இருக்கா மேடம்?)


மார்ச் 14

வெல்டர் அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கையெழுத்து நன்றாகவே இருக்கிறது. அண்ணனுடையதைவிட எவ்வளவோ மேல்.

இந்தக் கடிதத்தை அண்ணனுக்கு எழுதவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன். நேற்று உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கையைப் பற்றி எழுதியதையும் அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் விழுங்கிவிட்டுப் படித்தேன். "நடுநடுவுல ஏன்டி நிறுத்துற? உனக்குத் தமிழ் மறந்துபோச்சா?" என்று கேட்டார் அம்மா. சுளுக்குக்கு எதற்குக் கட்டு? "கூண்டு" என்று ஆரம்பித்துப் பாதியில் ஏன் நின்றது? பேனாவை யார் பிடுங்கினார்கள்?

இத்தனை வருஷத்தில் என் அண்ணன் "எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்று எழுதியதே கிடையாது. ஏதோ நடந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் ஜோக் எல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இந்த ஒரு தடவை நேராகச் சொல்லிவிடுங்கள். உங்கள் பெயர் வெளியே வராது.

அவருடைய தங்கை


மார்ச் 20

மேடத்துக்கு,

எல்லாரும் நல்லா இருக்கோம், இப்போ. மொதல்ல அதைச் சொல்லிடறேன். எனக்கு அழகா எழுத வராது, பேசுற மாதிரிதான் வரும்.

போன மாசம் ஒருநாள் வேலை முடிஞ்சு மேல வரும்போது கரண்ட் போயி கூண்டு பாதியில நின்னுருச்சு. நின்ன வேகத்துல ஒரு இரும்புப் பொட்டி சரிஞ்சு உங்க அண்ணன் கை மேல விழுந்துச்சு. மணிக்கட்டுல எலும்பு முறிஞ்சுபோச்சு. மேலயும் போக முடியல, கீழயும் போக முடியல, நடுவுல தொங்குறோம். கும்மிருட்டு. கம்பி கிரீச் கிரீச்சுங்குது. அஞ்சு பேர் இருந்தோம், ஒருத்தரும் வாயைத் தெறக்கல. என்னை மாதிரி ஆளுக்கே நாக்கு ஒட்டிக்கிச்சு மேடம். எனக்கு ரெண்டு பொண்ணுங்க. அதுங்க மூஞ்சிதான் வந்து வந்து போச்சு.

அந்த நேரத்துல எனக்கு என்ன தோணுச்சோ, "ஏம்பா, இது அறுந்து விழுந்தா நம்மளுக்கு லீவு போடுவானா, ஆப்சென்ட் போடுவானா?"ன்னு கேட்டுட்டேன். யாரும் சிரிக்கல. போச்சுடா, தப்பாப் பேசிட்டோம்னு நினைச்சேன். அப்புறம் மூலையிலிருந்து ஒரு சத்தம். மொதல்ல வலியில முனகுறாருன்னு நினைச்சேன். பார்த்தா உங்க அண்ணன் சிரிக்கிறாரு! இத்தனை மாசம் ஒரே ரூம்ல இருக்கேன், அந்த மனுஷன் பல்லை நான் பார்த்ததே இல்லை. அவர் சிரிச்சதும் எல்லாரும் சிரிச்சோம். கூண்டு ஆடுது, ஆடாதீங்கடான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்.

சிரிச்சு முடிச்சதும் உங்க அண்ணன் அழுதாரு. அப்பா பத்திச் சொன்னாரு, டீக்கடை பத்திச் சொன்னாரு, உங்களைப் பத்திச் சொன்னாரு. அப்புறம் ஆளாளுக்கு அவங்கவங்க வீட்டைப் பத்திப் பேசினோம். மேல இழுத்துப் போடுற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தோம்.

கை கூடிக்கிட்டு வருது. ஆனா கடைசி ரெண்டு விரல்ல இன்னும் உணர்ச்சி வரல. டாக்டர் பொறுத்துப் பாக்கலாம்ங்கறாரு. ஒரு ரப்பர் பந்தை வெச்சு அமுக்கிக்கிட்டே இருக்காரு, யாரும் பாக்காதப்போ. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. கொன்னுடுவாரு, இடது கையாலயே.

வெல்டர்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

நாங்கள் இருவரும் நலம். உன் சுளுக்கு நலமா? நான் வேறு எதுவும் கேட்கப்போவதில்லை. ரெக்கார்டிங் முடிந்த கதையை மட்டும் சொல்கிறேன். வெல்டரை உரக்கப் படிக்கச் சொல்.

டப்பாவுக்குக் குரல் கொடுப்பவர் பகலில் கணக்கு வாத்தியார். கேப்டனுக்குக் குரல் கொடுக்கும் அக்கா எப்போதும் வாயில் ஒரு மிட்டாயை அடக்கிக்கொண்டிருப்பார். குரலுக்கு நடுவில் சத்தம் வரக்கூடாது என்று ஏசியை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பஞ்சு ஒட்டிய அறையில் எல்லோரும் வியர்த்துக்கொண்டு நின்றோம். நான் புதிதாக எழுதிய தாளைக் கொடுத்தேன்.

கேப்டன்: "பயமா இருக்கு. ஏதாவது சொல்லேன்."
டப்பா: "வருகைப் பதிவு என் பொறுப்பு, கேப்டன். நீங்க திரும்பி வரலைன்னா லீவு போடறதா, ஆப்சென்ட் போடறதா?"
கேப்டன்: "ப்ரசென்ட்னு போடு."

உதட்டை எண்ணிப் பார்த்தேன். "ப்ர"வில் ஒன்று, "போ"வில் ஒன்று. அச்சாகப் பொருந்துகிறது. வாத்தியார் வகுப்பில் பெயர் கூப்பிடுகிற அதே குரலில் கேட்டார், ஏற்ற இறக்கமே இல்லாமல். அக்கா முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே பதிலைச் சொன்னார், சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. மறுபடி எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "இதுக்கு மேல என்னால முடியாது. இதையே வெச்சுக்கோங்க" என்றார்.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "கயிறு தள்ளுபடி எவ்வளவோ தேவலை. சரி, தியேட்டர்ல பாத்துக்கலாம். சத்தம் வரலைன்னா மூணாம் பாகத்துக்கு உங்களைத் தேட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவர் தேடாவிட்டாலும் இந்த வரியை மாற்ற மாட்டேன். இது எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும்.

இனிமேல் கேரம் கவனமாக ஆடு, அண்ணா.

வாலு


ஏப்ரல் 13

அன்புள்ள வாலுக்கு,

முதல் வரியில் நலம் என்று எழுதச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வெல்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்க்கிறார். சரி. முழு நலம் இல்லை. எலும்பு கூடிவிட்டது. மோதிர விரலில் நேற்று ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. அது நல்ல அறிகுறி என்கிறார் டாக்டர். சுண்டு விரல் இன்னும் தூங்குகிறது. (நான் கிள்ளிப் பாத்தேன் மேடம். நிஜமாவே தூங்குது.)

உன் கடிதத்தை வெல்டர் உரக்கப் படித்தார். டப்பா கேட்கிற இடம் வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, சொல்ல வேண்டாம் என்றதைச் சொல்லிவிட்டாரே என்று. (ஒரு வேளை சோறு எறங்கல இவருக்கு. எனக்கு எறங்குச்சு.) பிறகு, கேப்டனின் பதிலை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

அங்கே தொங்கிக்கொண்டிருந்தபோது எனக்கு அவ்வளவு பயம், வாலு. அப்பா போனபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. அதை எழுதினால் நீயும் அம்மாவும் அந்தக் கூண்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வீர்கள். அதனால்தான் மறைத்தேன்.

ஒரு விஷயம் எனக்கு இப்போதுதான் பிடிபட்டது. வெல்டர் அந்தக் கேள்வியைத் தரையில் நின்றுகொண்டு கேட்டிருந்தால் நான் அவரை மன்னித்திருக்க மாட்டேன். கூடவே தொங்கிக்கொண்டு கேட்டார். அவருக்கும் அதே பயம். உன் தள்ளுபடிக் கயிறு ஏன் உனக்கே பிடிக்கவில்லை என்றால், அதைச் சொல்கிறவனுக்கு அந்தக் கயிற்றைப் பற்றிக் கவலையே இல்லை. உன் டப்பா கயிற்றின் மறுமுனையில் நிற்கிறது. அவள் வர வேண்டுமே என்று அதற்கும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஜோக் எந்தச் சோகத்தையும் கெடுக்காது. முன்னால் எழுதியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பாதிதான். அந்தப் படத்தின் விளம்பரத் துண்டை மெஸ்ஸில் போட்டுக் காட்டினார்கள். எஞ்சின் அறையில் டப்பா வழுக்கி விழுந்து கேப்டனின் சாப்பாட்டுத் தட்டில் உட்காருகிறதே, அந்தக் கண்றாவியை யார் எழுதியது? நீ எழுதியிருந்தால் வீட்டுக்கு வராதே. (எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது மேடம்.)

அண்ணன்


மே 19

அன்புள்ள அண்ணாவுக்கும் வெல்டர் அவர்களுக்கும்,

இங்கே நலம், அங்கே சுண்டு விரல் நலமா? தட்டில் உட்காருவது அசல் படத்திலேயே இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நேற்று முதல் காட்சிக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அரங்கு நிறைந்திருந்தது. தட்டு காட்சிக்கு ஒரே ஆரவாரம், வெல்டர் அவர்கள் ஜெயித்துவிட்டார். ஆனால் கடைசிக் கட்டம் நெருங்க நெருங்க எனக்குப் பயம் வந்துவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். டப்பா லீவா ஆப்சென்ட்டா என்று கேட்டது. ஒரு விநாடி ஒன்றும் இல்லை. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். பிறகு பின் வரிசையில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள், அங்கிருந்து சிரிப்பு முன்னால் பரவியது. பெரிய சிரிப்பு இல்லை, மேனேஜர் கேட்ட மாதிரி குலுங்கவில்லை. அது அடங்குவதற்குள் கேப்டன் "ப்ரசென்ட்னு போடு" என்றாள். அப்படியே நின்றுவிட்டது, அண்ணா. முதல் பாகத்தில் தியேட்டர் உறைந்திருந்தது என்று எழுதினாயே, அதே மாதிரி.

உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது. கேப்டன் திரும்பி வருவதில்லை. அசல் படத்தில், அறுந்த கயிற்றை டப்பா சுருட்டி வைத்துவிட்டு, மறுநாள் காலை மற்ற ஆட்கள் முன்னால் சும்மா நிற்கும், அவ்வளவுதான். டப்பாவுக்கு உதடு கிடையாதே, என்ன வேண்டுமானாலும் போடலாம் என்று மேனேஜரே சொல்லியிருக்கிறாரே! நான் போட்டேன். மறுநாள் காலை டப்பா ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறது. "கேப்டன்" என்று கூப்பிடுகிறது. பதில் இல்லை. அதுவே "ப்ரசென்ட்" என்று சொல்லிக்கொள்கிறது. என் பக்கத்து இருக்கையில் ஒரு பெரிய மீசைக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். அவர் மனைவி அவருக்கு முந்தானையைக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அம்மா, "அந்தக் கேள்வியை நீயா எழுதினே?" என்றார். இல்லையம்மா, அண்ணன் அறையில் இருப்பவர் சொன்னது என்றேன். அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு, "அவன் கை இப்ப எப்படி இருக்குன்னு கேளு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெத்தவளுக்குப் புள்ள கையெழுத்து தெரியாதா? ரெண்டு மாசமா வேற எவனோ எழுதுறான், நீ நடுநடுவுல முழுங்கி முழுங்கிப் படிக்கிறே. நீங்க ரெண்டு பேரும் மறைக்கிறீங்க, நானும் தெரியாத மாதிரி இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்" என்றார். ரோட்டிலேயே அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். "முழங்காலு, முழங்காலு" என்று கத்தினார். அழுதுகொண்டே சிரித்தேன்.

இன்று காலை மேனேஜர் கூப்பிட்டார். மூன்றாம் பாகத்துக்கும் நான்தானாம். வெல்டர் அவர்களே, உங்கள் பெயரைப் படத்தில் போட முடியவில்லை, டப்பிங்கில் என் பெயரையே போடுவதில்லை. வேறு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்.

வாலு


ஜூன் 6

அன்புள்ள வாலு,

கோணல் மாணலாக இருந்தாலும் இது என் கை. வெல்டர் வெளியே நிற்கிறார், உள்ளே விட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சுண்டு விரல் விழித்துவிட்டது. எழுத எழுத வலிக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை லாரியில் ஏறி டவுனுக்குப் போய்ப் படம் பார்த்தோம். கூண்டில் இருந்த ஐந்து பேரும் ஒரே வரிசை. டப்பா கேட்டதும் எங்கள் வரிசை மட்டும் எழுந்து விசிலடித்தது. மற்றவர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள். நானும் விசிலடித்தேன், அம்மாவிடம் சொல்லாதே. மறுநாள் காலை டப்பா பெயர் கூப்பிட்டபோது யாரும் விசிலடிக்கவில்லை. ஐந்து பேரும் அழுதோம். வெல்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏசி காத்து" என்றேன். தியேட்டரில் ஏசியே கிடையாது.

வெல்டருக்கு வேண்டியது லீவாம். எனக்கும் சேர்த்து வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை லாரியில் வருகிறேன். அம்மாவிடம் கையைப் பற்றி நானே சொல்கிறேன். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாத மாதிரி இருந்துகொள்கிறேன்.

வீட்டில் பெயர் கூப்பிட்டால்,
அண்ணன், ப்ரசென்ட்.